அடிபட்ட மூளையும் அடங்காத எண்ணங்களும்

தலைக்காயத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவர்கள் முதலில் சொல்வது தலைவலியைப் பற்றி. சில நாளில் இன்னொரு புகாரும் சேர்ந்துகொள்ளும். படுத்தால் தூக்கம் வருவதில்லை, எண்ணங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன, குக்கர் விசில் அடித்தால்கூட நெஞ்சு படபடக்கிறது. சி.டி. ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்திருக்கும். தையல் பிரித்தாயிற்று, கட்டும் அவிழ்த்தாயிற்று, வெளியே பார்க்க ஒன்றுமில்லை. ஆகவே, ‘கண்டதையும் யோசிக்காதே, மனசைத் திடமா வச்சுக்கோ’ என்று வீட்டார் சொல்வார்கள். அக்கறையான சொல்தான், ஆனால் பலிக்காது. எண்ணங்களுக்குக் கடிவாளம் போடும் வேலை மூளையின் எந்தப் பகுதியிடம் இருக்கிறதோ, பெரும்பாலும் அடிபட்டிருப்பதே அந்தப் பகுதிதான்.

மண்டையோட்டின் உள் தரை வழவழப்பானதல்ல. கண்குழிகளுக்கு மேலேயும் பொட்டுப் பக்கத்திலும் எலும்பு மேடுபள்ளமாக, கூரான விளிம்புகளோடு இருக்கிறது. ஓடும் வண்டி மோதித் தலை சட்டென்று நிற்கும்போது, திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும் சுமார் 1.4 கிலோ மூளை நிற்காமல் நகர்ந்து அந்த விளிம்புகளில் உரசுகிறது. அடி பின்மண்டையில் விழுந்தாலும், எண்ணங்களுக்குக் கடிவாளம் போடும் நெற்றிமடலின் அடிப்பகுதியும் பொட்டுமடலின் முனையும் காயப்படுவது இதனால்தான். தலை சுழன்று திரும்பினால் சேதம் இன்னும் நுட்பமானது. மூளையின் ஒரு பகுதியை மற்றொன்றோடு இணைக்கும் நரம்பிழைகள் இழுபட்டு, சில அறுந்தும் போகின்றன. சாதாரண சி.டி. ஸ்கேனின் கண்ணுக்கு இந்த இழைகள் தென்படுவதில்லை. ‘நார்மல்’ என்ற அறிக்கை, ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்று மட்டுமே சொல்கிறது.

காயத்தோடு பஞ்சமும் வருகிறது. அடிபட்ட கணத்தில் நரம்புசெல்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிசெய்யச் செல்களின் பம்புகள் முழு மூச்சாக ஓடவேண்டும், அதற்குக் குளுக்கோஸ் வேண்டும். அந்த நேரம் பார்த்து மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃபர் கீஸாவும் டேவிட் ஹோவ்டாவும் 2001இல் இந்த நெருக்கடியைத் தொகுத்து விளக்கினார்கள். உடல் எடையில் 2 சதவீதமே இருந்தாலும் உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவழிக்கும் உறுப்பு இது. வரவு குறைந்து செலவு கூடினால் முதலில் தடுமாறுவது கவனம், நிதானம், பொறுமை போன்ற விலையுயர்ந்த வேலைகள்தான்.

எண்ணங்கள் ஏன் நிற்காமல் ஓடுகின்றன என்பதற்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. நாம் எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன. பழையதை நினைப்பது, நாளையைப் பற்றிக் கவலைப்படுவது, தன்னைப் பற்றியே யோசிப்பது எல்லாம் இங்கேதான் நடக்கின்றன. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரெய்க்லி 2001இல் இந்த வலைப்பின்னலின் இயக்கத்துக்கு ‘இயல்புநிலை’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். வெளியே கவனிக்கவேண்டிய ஒன்று வந்ததும் இது அடங்கவேண்டும். அடங்கச் சொல்லி உத்தரவு தருவது வேறொரு வலைப்பின்னல். தலைக்காயத்தில் இவற்றுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு ஆராய்ந்தது. உத்தரவு தரும் வலைப்பின்னலின் நரம்பிழைகள் எவ்வளவு சேதமடைந்திருந்தனவோ, அந்த அளவுக்கு முதல் வலைப்பின்னல் அடங்க மறுத்தது என்று 2012இல் அவர்கள் வெளியிட்டார்கள்.

இன்னொரு பக்கம் அமிக்டலா. ஆபத்தைக் கண்டால் கூச்சலிடும் இந்தச் சிறு பகுதியை ‘ஒன்றுமில்லை, சும்மா இரு’ என்று நெற்றிமடல் அதட்டிவைக்கும். அந்த அதட்டல் பலவீனமானால், பழைய விபத்து நினைவு முதல் மின்கட்டணப் பாக்கி வரை எல்லாமே ஆபத்தாகிவிடும். கார்டிசால், நார்அட்ரினலின் ஆகிய பதற்ற ஹார்மோன்கள் ஏறும், தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் நெற்றிமடல் மேலும் சோரும். வேலை போய்விடுமோ, பழைய ஆளாக ஆகமாட்டோமோ என்ற நியாயமான கவலைகளும் இந்தச் சுழலை வேகப்படுத்தும். அமெரிக்காவின் சியாட்டிலில் தலைக்காயத்துக்காகச் சேர்க்கப்பட்ட 559 பேரை ஓராண்டு கவனித்து 2010இல் வெளியான ஆய்வில், 53 சதவீதம் பேருக்கு அந்த ஓராண்டுக்குள் மனச்சோர்வு நோய் வந்திருந்தது. இது நோயாளியின் கோழைத்தனம் அல்ல என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

மூளைச் சேதத்தை உள்ளிருந்து பார்த்துச் சொன்னவர்களில் ஜில் போல்ட் டெய்லர் முக்கியமானவர். மூளையின் உடற்கூறியலே அவருடைய தொழில். 1996 டிசம்பர் 10 அன்று, 37 வயதில், இடது மூளையில் ரத்தநாளம் வெடித்தது. மொழியோடு சேர்ந்து, உள்ளே ஓயாமல் பேசிக்கொண்டிருந்த குரலும் நின்றுபோனது. மீண்டுவர 8 ஆண்டுகள் ஆயின. மொழி திரும்பியபோது அந்தக் குரலும் பழைய கோபதாபங்களோடு திரும்பியது. உடலில் எழும் ஓர் உணர்ச்சி அலை 90 விநாடியில் தானே வடிந்துவிடும், அதற்கு மேல் நீடித்தால் நாமே அதை மறுபடி கிளப்புகிறோம் என்பது அவர் கண்ட சூத்திரம். 90 என்ற கணக்கை அளந்து நிறுவிய உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால், படபடப்போடு சண்டை போடாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்ற பழக்கம் நல்லதே.

சண்டை போட்டால் என்ன ஆகும் என்பது குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதையில் நமக்குத் தெரிந்ததுதான். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் அதையே வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். நினைக்காதே என்று தடுக்கப்பட்டவர்கள், பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது மற்றவர்களைவிட அதிகமாகக் கரடியை நினைத்தார்கள்.

ஆகவே மனதை நேராக அதட்டுவதைவிட உடல் வழியாகப் போவது எளிது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும். வெளிவிடும்போது வேகஸ் நரம்பு அதைத் தணிக்கும். வெளிமூச்சை நீட்டினால் தணிக்கும் நேரம் கூடுகிறது. மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை உருவாக்கும் இடத்துக்கும் விழிப்பையும் பதற்றத்தையும் தூண்டும் இடத்துக்கும் நேரடி இணைப்பு இருப்பதை எலிகளில் கண்டு 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அந்த இணைப்பைத் தரும் நரம்புசெல்களை அழித்ததும் எலிகள் அசாதாரண சாந்தமாகிவிட்டன.

செய்முறை சாதாரணமானது. சாய்ந்து உட்கார்ந்து ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மூக்கு வழியாக சுமார் 4 விநாடி இழுத்து, 6 விநாடி மெதுவாக விட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு. எண்ணுவதே சுமையாக இருப்பவர்கள் வயிறு ஏறி இறங்குவதைக் கவனித்தால் போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் தொடங்கலாம். கண்ணை மூடினால் தலைசுற்றுகிறவர்களும் விபத்துக் காட்சி வந்து நிற்கிறவர்களும் கண்ணைத் திறந்து ஒரு பொருளைப் பார்த்தபடியே செய்யலாம். பிராணாயாமம் என்றாலே நல்லது என்று கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகளில் இறங்குவது இந்த நேரத்தில் தவறு. வேக மூச்சால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், மூளையின் ரத்தநாளங்கள் சுருங்கும், தலைசுற்றல் கூடும்.

அடுத்த உதவி தாளும் பேனாவும். கவலைகளை நாள் முழுக்கத் தடுப்பதற்குப் பதிலாக, அவற்றுக்கென்று தினமும் ஒரு நேரமும் இடமும் ஒதுக்கி அங்கே மட்டும் கவலைப்படும் முறையைத் தாமஸ் போர்கோவெக் குழு 1983இல் சோதித்து, பலன் இருப்பதைக் காட்டியது. மற்ற வேளையில் வருவதைக் குறித்துவைத்து ‘மாலையில் பார்க்கலாம்’ என்று தள்ளுவதுதான் உத்தி. படுக்குமுன் 5 நிமிடம், செய்யவேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்துமுடித்ததை எழுதியவர்களைவிட சுமார் 9 நிமிடம் முன்னதாக உறங்கியதாக அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக ஆய்வு 2018இல் சொன்னது. அதில் பங்கேற்றவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். காயப்பட்டவருக்கோ எதையும் மனதில் பிடித்துவைப்பதே சிரமம் என்பதால், தாளின் துணை அவருக்கு இன்னும் தேவை.

இருட்டறையில் படுத்தே கிடக்கவேண்டும் என்ற பழைய அறிவுரை இப்போது செல்லாது. லேசான மூளை அதிர்ச்சிக்கு ஆளான இளம் வயதினரில், 5 நாள் கண்டிப்பான ஓய்வெடுத்தவர்கள் ஓரிரு நாள் ஓய்வெடுத்தவர்களைவிட அதிகத் தொல்லைகளையே சொன்னார்கள் என்றது 2015இல் வந்த ஆய்வு. விளையாட்டில் அடிபட்ட பதின்ம வயதினர் 103 பேரை வைத்து பஃபலோ பல்கலைக்கழகக் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், தொந்தரவு கூடாத அளவுக்கு தினமும் உடற்பயிற்சி செய்தவர்கள் 13 நாளிலும், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாளிலும் தேறினார்கள். பலத்த காயத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே எப்போது, எவ்வளவு நடக்கலாம் என்பதை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும்தான் முடிவுசெய்யவேண்டும். வீட்டில் செய்யக்கூடியது சத்தத்தைக் குறைப்பது. டிவி ஓட, நலம் விசாரிக்க வந்த நாலு பேர் ஒரே நேரத்தில் பேச, நடுவில் உட்காரவைக்கப்படும் நோயாளிக்கு அன்றிரவு தூக்கம் போய்விடும். ஒரு நேரத்தில் ஒருவர், அதுவும் கால்மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மருந்துச் சீட்டையும் ஒருமுறை பார்க்கவேண்டும். வலிப்பு வராமலிருக்கப் பரவலாகக் கொடுக்கப்படும் லெவிடிரசிட்டம் சிலருக்கு எரிச்சலையும் கொந்தளிப்பையும் உண்டாக்கும். தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து உண்டு. பென்சோடயஸெபைன் வகைத் தூக்க மாத்திரைகள் ஞாபகத்தையும் நிதானத்தையும் மங்கவைப்பதால் மருத்துவர்கள் கூடியவரை தவிர்க்கிறார்கள். மது வலிப்புக்கான வாய்ப்பைக் கூட்டும். பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டு ஹார்மோன்கள் குறைந்தாலும் சோர்வும் மனநிலை மாற்றமும் வரும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். சில நாளாகத் தூக்கமே தேவைப்படாமல், பேச்சு பெருகி, பணத்தை வாரியிறைப்பவரையும், உயிரை விட்டுவிடலாம் என்று பேசுபவரையும் தாமதமின்றி மனநல மருத்துவரிடம் அழைத்துப்போகவேண்டும். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், கைகால் பலவீனம் ஆகியவை தென்பட்டால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போகவேண்டும். முதியவர்களுக்கு மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம், அடிபட்டுச் சில வாரம் கழித்தும் இந்த அறிகுறிகளைக் காட்டும்.