கணினி நீர்க்குளிர்விப்பு

கணினி நீர்க்குளிர்விப்பு என்பது கணினியின் மையச் செயலகம், வரைகலை அட்டை ஆகியவற்றில் உண்டாகும் வெப்பத்தை நீரின் மூலம் அகற்றும் முறையாகும். ஒரே எடையுள்ள காற்றைவிட நீர் ஏறத்தாழ 4 மடங்கு வெப்பத்தை ஏற்கும். திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உள்ள எஃகு ஆலைகளின் மின்தூண்டல் உலைகளிலும் செப்புச் சுருள்கள் இவ்வாறே உள்ளோடும் நீரால் குளிர்விக்கப்படுகின்றன.

செயற்பாடு

செயலகத்தின் மீது பொருத்தப்படும் செப்புக் கட்டை வெப்பத்தை நீருக்குக் கடத்துகிறது. பம்பு அந்நீரை ரேடியேட்டருக்குச் செலுத்துகிறது. அங்கு விசிறிகள் வெப்பத்தை அறைக் காற்றில் கலக்கின்றன. நிமிடத்திற்கு 1 லிட்டர் நீரோட்டத்தில், 200 வாட் வெப்பம் நீரின் வெப்பநிலையை ஏறத்தாழ 3 பாகை செல்சியஸ் உயர்த்தும்.

வரம்பு

ரேடியேட்டரால் நீரை அறை வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க இயலாது. கோடையில் அறை 38 பாகையில் இருப்பின் நீர் அதனினும் சூடாகவே இருக்கும். ஆகவே வெப்பமான ஊர்களில் பெரிய ரேடியேட்டர் தேவைப்படுகிறது.

நீரின் தரம்

இம்மாவட்டத்தின் மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியுள்ளது. இத்தகைய உப்புநீர் உலோகத்தை அரிக்கும். கடினநீர் கட்டையின் நுண்ணிய பள்ளங்களில் படிந்து அடைக்கும். எனவே வாலைவடிநீருடன் அரிப்புத் தடுப்பானும் பாசித் தடுப்பானும் சேர்க்கப்படுகின்றன. செம்பும் அலுமினியமும் ஒரே சுற்றில் இருப்பின் மின்வேதி அரிப்பால் அலுமினியம் கரையும். ஆதலால் இரண்டையும் கலத்தல் ஆகாது.

கசிவுச் சோதனை

தாய்ப்பலகைக்கு மின்னிணைப்புத் தராமல், பம்பை மட்டும் பல மணி நேரம் இயக்கி இணைப்புகள் சோதிக்கப்படுகின்றன. இணைப்புகளின் கீழ் விரிக்கப்படும் உறிஞ்சுதாள் நனையாதிருந்தால் மட்டுமே கணினி இயக்கப்படும்.