10 கிலோ செயற்கைக்கோளை வானத்தில் பிடிப்பது எப்படி?

2011 அக்டோபர் 12-ல் பறந்த பி.எஸ்.எல்.வி. சி-18 ராக்கெட்டில், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். மாணவர்கள் உருவாக்கிய 10.9 கிலோ ‘எஸ்.ஆர்.எம்.சாட்’டும் போனது. முசரவாக்கத்தைப் போலவே அந்த ஊரும் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம்தான். சுமார் 865 கி.மீ. உயரம், நொடிக்கு 7.4 கி.மீ. வேகம். இதை எப்படிப் பின்தொடர்வது?

முதலில் நேரம்

அமெரிக்க ராணுவ ரேடார்கள் கணித்து வெளியிடும் சுற்றுப்பாதைத் தரவை மென்பொருளில் போட்டால், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் எழும் என்று தெரியும். தரவு பழசானால் கணக்கு தப்பும். ஒருமுறை கடக்க அதிகபட்சம் கால் மணி நேரம் சொச்சம். அதுவரை ஆன்டெனா கூடவே திரும்ப வேண்டும். ஆம்புலன்ஸ் சைரன் நெருங்கும்போது ஒரு மாதிரி, விலகும்போது ஒரு மாதிரி கேட்குமே... அதுபோல சிக்னலின் அலைவரிசையும் மாறும். ரிசீவரையும் அதற்கேற்ப நகர்த்தணும்.

ஆயுள் முடிந்த பிறகும் ஏன்?

2009-ல் ஏவப்பட்ட அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அனுசாட்’ தாழ்வாகச் சுற்றியதால், காற்று உராய்வில் இறங்கி 2012-ல் அழிந்தது. 865 கி.மீ. உயரத்தில் காற்று மிக மிகக் குறைவு. தானாக விழப் பல பத்தாண்டுகள் ஆகும். அதே ராக்கெட்டில் போன ‘மேகா டிராபிக்ஸ்’ஸை, மிச்சமிருந்த எரிபொருளை வைத்தே 2023 மார்ச் 7-ல் இஸ்ரோ பசிபிக் பெருங்கடலுக்கு மேல் இறக்கி எரித்தது. எஸ்.ஆர்.எம்.சாட்டில் இன்ஜினே கிடையாது. எதிரே வரும் செயற்கைக்கோள்தான் விலகிப் போகணும். அதற்கு, இது எங்கே இருக்கிறது என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.