கொழுந்தெடுக்கும் கையின் தாளம்

மடுல்சீமையின் பெயர் அறிவியல் நூல்களில் இடம்பெற்றது ஒரு நோயால். இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு 1869இல் முதலில் தென்பட்டது இங்கேதான். கோப்பி போய்த் தேயிலை வந்தது. இலையை ஆராய்ந்த அளவுக்கு, அதைப் பறிக்கும் கையை யாரும் ஆராயவில்லை.

கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவின் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே என்று நம் கண் தேடுவதற்குள் அவர் இரு கைகளாலும் கிள்ளி முடித்திருப்பார். பிடி நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலால் கூடையில் விழும்.

இந்த வேகத்துக்கு உதவும் இடங்களில் ஒன்று முகுளத்தில் இருக்கும் கீழ் ஒலிவம் என்ற நரம்புத் திரள். அங்கிருந்து புறப்படும் நார்கள் சிறுமூளைக்குப் போகின்றன. அசைவுகளுக்கு நேரம் குறிப்பது ஒலிவத்தின் வேலை என்கிறார் நரம்பியலாளர் ரொடொல்ஃபோ லினாஸ். பிழையைச் சிறுமூளைக்கு உணர்த்தித் திருத்துவதே வேலை என்பார் வேறு சிலர். கொழுந்தெடுக்கும் கைக்கு இரண்டும் வேண்டும்.

ஒலிவத்தின் கலங்கள் தமக்குள் பேசுவது மின் சந்திகள் வழியே. மற்றபடி நரம்புக் கலங்கள் பெரும்பாலும் இரசாயனத்தைச் சுரந்தே செய்தி அனுப்புகின்றன. அது சுமார் 20 நனோமீற்றர் இடைவெளியைக் கடக்க வேண்டும். மின் சந்தியிலோ இடைவெளி 3.5 நனோமீற்றர்தான். இரு பக்கமும் ஆறாறு புரத மூலக்கூறுகள் கூடிக் குழாய் அமைக்க, மின்னோட்டம் நேரே பாய்கிறது, பெரும்பாலும் இரு திசையிலும். லயத்தில் அடுத்த காம்பராக்காரரோடு வாசலைச் சுற்றிப் போகாமல் சுவர் வழியே பேசுகிறோமே, அப்படி.

1950களில் ஒரு நன்னீர் இறால் வகையில் மின் சந்தியைக் கண்டபோது, சிறு உயிர்களின் சங்கதி என்றே பலர் நினைத்தார்கள். 1974இல் லினாஸ், பேக்கர், சொட்டேலோ மூவரும் பூனையின் கீழ் ஒலிவத்திலும் அதைக் காட்டினார்கள். பாலூட்டிகளின் மூளையில் இந்தக் குழாய்களை அமைக்கும் முக்கியப் புரதம் கொனெக்சின் 36 என்பது 1990களின் இறுதியில் தெரிந்தது. அந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளை 2002இல் சோதித்தபோது, ஒலிவத்தின் கலங்கள் தம் தாளத்தை விட்டுவிடவில்லை. அயல் கலத்தோடு சேர்ந்து அடிப்பதை மட்டும் இழந்திருந்தன.

உயிரியல் கற்பிக்கும் மலையக ஆசிரியர்களே, நரம்பு மண்டலப் பாடத்தின்போது பிள்ளைகளிடம் அவர்களுடைய அம்மாவின் கையைப் பற்றிச் சொல்லுங்கள். கொழுந்தெடுப்பதைத் திறன் வேண்டாத வேலை என்று இனி யாரும் எழுத வேண்டாம்.