பலகை ஏறும் பிள்ளைக்கு எந்தச் சப்பாத்து?

பள்ளிச் சப்பாத்து வாங்கப் போனால் நம் பெற்றோர் பலர் ஓர் அளவு பெரிதாகவே எடுப்பார்கள். அடுத்த வருஷமும் போடலாமே என்பது கணக்கு. தோட்டச் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்த்தவர்களின் சிக்கனம் அது; குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஸ்கேட்போர்டு எனப்படும் சறுக்குப் பலகைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. சப்பாத்துக்குள் கால் நழுவினால் கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும்.

பால்மரமும் செம்பனையும் நிறைந்திருந்த நீலாய் வட்டாரத்தில் இன்று தாமான்களும் கல்லூரிகளும் பெருகிவிட்டன. வழவழப்பான சிமெண்டுத் தரை இருக்கும் இடத்தில் பிள்ளைகளுக்குப் பலகை ஆசையும் வருவது இயல்பே. 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியாகவும் ஆனது. ஆகவே, வீண் விளையாட்டு என்று ஒதுக்காமல், காலுக்கு ஏற்ற சப்பாத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்துகொள்வது நல்லது.

அடிப்பாகம் தட்டையாக இருக்கட்டும்

தமிழ்நாட்டு மாமல்லபுரத்தில் சிறுமி கமலி மூர்த்தி வெறுங்காலோடு பலகையில் சறுக்கிய படம் உலகமெங்கும் பரவியது. அவரைப் பற்றிய 'கமலி' குறும்படம் 2020-இல் பாஃப்டா விருதுக்கு நியமனம் பெற்றது. பலகையின் அசைவைப் பாதம் உணர வேண்டும். வெறுங்காலில் அது எளிது. ஆனால் விழுந்தால் தோலும் நகமும் போய்விடும். உணர்வும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்பதற்காகத்தான் தனிச் சப்பாத்து.

ஓட்டச் சப்பாத்து இதற்கு உதவாது. அதன் குதிகால் உயர்ந்து, அடிப்பாகம் மெத்தென்று இருப்பதால் கால் எளிதில் புரளும். தட்டையான ரப்பர் அடிப்பாகமே பலகையைப் பிடித்துக்கொள்ளும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ரப்பரைக் கந்தகத்தோடு சூடேற்றிப் பதப்படுத்தும் முறையில் ஒட்டப்படுவது. அந்த முறையை 1839-இல் கண்டறிந்தவர் சார்லஸ் குட்இயர். மெல்லியதாக வளைந்து கொடுக்கும் இவ்வகை, புதிதாகப் பழகுபவர்களுக்கு ஏற்றது. மற்றொன்று, கிண்ணம்போல் வார்த்து, மேல்பாகத்தோடு சேர்த்துத் தைக்கப்படுவது. கனமானது, உயரத்திலிருந்து குதிப்பவர்களின் குதிகாலைக் காக்கும்.

பலகையின் மேல்பரப்பு மணல்தாள் போன்றது. துணிச் சப்பாத்தை விரைவில் கிழித்துவிடும். மெல்லிய ரோமம் போன்ற பரப்புள்ள சுவேட் தோல் அதிக நாள் உழைக்கும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

மாலையில் கடைக்குப் போங்கள். நாள் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். விளையாடும்போது அணியும் காலுறையோடு இரண்டு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்திற்கு ஏற்ப வாங்குங்கள். விரல் நுனி இடிக்கக்கூடாது. குதிகால் தூக்கவும் கூடாது. அகலமான பாதத்தை ஒடுங்கிய சப்பாத்தில் திணித்து, 'போகப் போக விரியும்' என்று சொல்லாதீர்கள். தட்டைப் பாதமுள்ள பிள்ளைக்கு வலி இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலிவு விற்பனையில் பழைய இருப்பு வாங்கினால் அடிப்பாகத்தை அழுத்திப் பாருங்கள். நம் நாட்டு ஈரப்பதத்தில் வருடக்கணக்கில் கிடந்த பாலியூரித்தேன் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். வியர்வையில் நனைந்த சப்பாத்தைக் கடும் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். சூட்டில் பசை விட்டுப்போகும்.

பிரபலமான பெயருக்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்க வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தில் பிள்ளைக்கு ஒரு தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.