கதையாட்டத்துக்கு ஒரு குறிப்பேடு

மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாம் செய்வதை வாயால் சொல்கிறார்கள். வெல்வதா தோற்பதா என்ற இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டியாக வந்தது. உலகெங்கும் ஆடப்படும் கதையாட்டங்களுக்கு அதுவே தொடக்கம்.

இவ்வாட்டம் மாதக்கணக்கில் நீளும். மூன்றாம் கிழமை வந்துபோன தோணிக்காரரின் பெயர் இருபதாம் கிழமை தேவைப்படும். நடத்துபவர் திணறுவது அங்கேதான்.

பறக்கும் நாகமும் பாழடைந்த கோட்டையும் இல்லாமல், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கரைவாகுப் பற்றிலேயே இதை ஆடலாம். காலம் 1940 என்று வைத்துக்கொள்வோம். பட்டிப்பளை ஆற்றை மறித்த கல்லோயாத் திட்டம் 1949இல்தான் தொடங்கியது; எனவே ஆறு இன்னும் மறிக்கப்படவில்லை. மாரியில் வெள்ளம் வரலாம், ஆனால் அத்திட்டத்தின் நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரம் கதைக்குள் வரவே கூடாது. மருதமுனையில் தறிச் சத்தம், வயல்வட்டையில் நிலக்காரரான போடியாரின் வேளாண்மை, கரையில் கரைவலை. இவற்றோடு தாய்வழிக் குடிமுறையும் உண்டு. பிள்ளைக்கு உம்மாவின் குடிதான், வீடு மகளுக்கு, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். ஆகவே ஒரு பாத்திரத்தின் பகையாளி இன்னொரு பாத்திரத்தின் ராத்தாவைக் கட்டிய மச்சானாக இருக்கலாம். கதைக்கு இதைவிட வளமான மண் வேண்டுமா?

இந்த உறவுகளைக் காகிதத்தில் பிடித்து வைப்பது கடினம். வன்நோட் போன்ற செயலிகளில் ஊர்கள், ஆட்கள், சம்பவங்கள் என்று பிரிவு பிரிவாக அடுக்கலாம். ஆனால் ஒரு தோணிக்காரர் எந்தப் பிரிவுக்குரியவர்? ஊருக்கா, குடிக்கா, தொழிலுக்கா? எல்லாவற்றுக்கும்தான். அதனால் என் தேர்வு, 2020இல் வெளிவந்த அப்சிடியன் என்ற குறிப்புச் செயலி. ஆளுக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று, சம்பவத்துக்கு ஒன்று எனத் தனித்தனிக் குறிப்பு. ஒரு குறிப்பில் இன்னொன்றின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் இரண்டும் இணைந்துவிடும். போடியாரின் பக்கத்தைத் திறந்தால், அவரை இணைத்துள்ள குறிப்புகளெல்லாம் வரிசையாக வரும்.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. ‘ஆறு’ என்று தேடினால் ‘ஆற்றில்’ அகப்படாது. ‘காடு’ என்று தேடினால் ‘காட்டுக்கு’ அகப்படாது. நம் சொற்கள் உருபு ஏற்கையில் உடம்பையே மாற்றிக்கொள்கின்றன. இதற்கு அடைப்புக்குள் முதலில் ‘ஆறு’, பிறகு ஒரு செங்குத்துக் கோடு, அதன்பின் ‘ஆற்றில்’ என்று எழுதுங்கள். வாசிப்பில் ‘ஆற்றில்’ என்றே தெரியும். இணைப்பு ‘ஆறு’ பக்கத்துக்குப் போகும். பாமினி எழுத்துருவில் தட்டாதீர்கள்; திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். யூனிகோடிலும் கவனம் வேண்டும். ‘போ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சில செயலிகளின் தேடலுக்கு வேறு வேறு. குழுவில் எல்லோரும் ஒரே விசைப்பலகையைப் பயன்படுத்தினால் இத்தொல்லை குறையும்.

நிறைய எழுதவும் வேண்டாம். ஆட்டம் முடிந்த கையோடு பத்து நிமிடம் போதும்: யார் வந்தார், என்ன வாக்குக் கொடுத்தார், யாருக்குக் கடன்பட்டார். வாக்கும் கடனும் குறிப்பில் இருந்தால் அடுத்த கிழமைக் கதை தானாக நடக்கும்.

அப்சிடியனை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், குறிப்புகள் சாதாரண எழுத்துக் கோப்புகளாக நம் கருவியிலேயே இருப்பது. இணையம் இல்லாமலே திறக்கலாம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைப் பார்த்த நாடு இது.

ஆனால் நம் கருவியில் மட்டும் வைத்திருப்பதும் ஆபத்து. 2004 டிசம்பர் 26 அன்று மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் சுனாமியாக வந்த கடல் உயிர்களோடு வீடு வீடாகக் கடதாசிகளையும் கொண்டுபோனது. விளையாட்டுக்கு எழுதியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். கிழக்குக் கரைக்கு வெளியே, கண்டியிலோ கொழும்பிலோ இருக்கும் ஓர் உறவினரிடம் இன்றே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.