அடர்நிற அலமாரிக்கு எந்த நிற மேடை?

தமிழ்நாட்டு நகர வீடுகளில் மாடுலர் கிச்சன் பரவியதோடு வெங்கே, வால்நட், கரிச்சாம்பல் போன்ற அடர்நிற லேமினேட் ஒட்டிய அலமாரிகளும் பெருகிவிட்டன. ஆனால் மேடைக்கு மட்டும் பழைய வழக்கப்படி கறுப்பு கிரானைட்டையே பதிப்பது பலரிடம் தொடர்கிறது. வெள்ளையடித்த சுவர்களுக்கு நடுவே எடுப்பாக நின்ற அந்தக் கறுப்பு, கீழும் மேலும் அடர்நிறப் பலகைகள் சூழ்ந்துவிட்ட இன்றைய சமையலறையில் இருட்டையே கூட்டுகிறது.

ஒரு பரப்பு தன்மீது விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரையான எண்ணால் குறிப்பதுண்டு. இதற்கு ஒளி எதிரொளிப்பு மதிப்பு என்று பெயர். அடர்நிற அலமாரிகளுக்கு இந்த மதிப்பு மிகக் குறைவு என்பதால், ஒற்றைச் சன்னல் கொண்ட அடுக்குமாடிச் சமையலறையில் ஒளியைத் திருப்பித் தரும் வேலை பெரும்பாலும் மேடையின்மீதே விழுகிறது.

அதற்காகத் தூய வெள்ளையைத் தேட வேண்டியதில்லை. பாரிசின் கோபெலின் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவின் இயக்குநராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரேல், கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, அருகிலிருக்கும் நிறத்தில்தான் இருக்கிறது என்று கண்டறிந்து, அடுத்தடுத்து வைத்த நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றும் விதியை 1839இல் நூலாக வெளியிட்டார். அவ்விதிப்படி அடர்நிற அலமாரியின் அருகே இளஞ்சாம்பல் கல்லும் தன் இயல்பைவிட வெளிறித் தெரியும்.

தமிழ்ச் சமையலில் வெள்ளைக்கு முதல் எதிரி மஞ்சள்தூள். அதன் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே தாளிப்பு தெறித்த இடத்தில் எண்ணெயோடு சேர்ந்து கறையாகப் படிகிறது, காரத்தன்மை மிகுந்த சோப்பு பட்டால் சிவந்தும் போகிறது. குவார்ட்ஸ் துகள்களைப் பிசினால் இறுக்கிச் செய்யும் வெள்ளைச் செயற்கைக் கல்லில், அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அப்படியே வைத்தால் பிசின் கருகவும் கூடும். பளிங்கு இன்னும் மென்மையானது. கால்சைட்டால் ஆன அதன் மினுக்கத்தைப் புளியும் எலுமிச்சையும் அரித்துவிடும். காஷ்மீர் ஒயிட் என்ற பெயரில் விற்கப்பட்டாலும் மதுரை வட்டாரத்தில் வெட்டியெடுக்கப்படும் வெண்கிரானைட், சிவப்புக் கார்னெட் புள்ளிகளோடு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சும் கல்லாதலால், நுண்துளைகளை அடைக்கும் சீலரை அவ்வப்போது பூசியாக வேண்டும்.

கறுப்பில் அழுக்கே தெரியாது என்பதும் பாதி உண்மைதான். ஆந்திரத்தின் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி கிரானைட்டாகவே இருந்தாலும், ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் காய்ந்த வெண்படலமும், சிந்திய அரிசி மாவும், கைரேகையும் பாலிஷ் ஏற்றிய கரும்பரப்பில் பளிச்சென்று தெரியும். மஞ்சளை மறைக்கும் கல், உப்பைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே அடர்நிற அலமாரிக்கு ஏற்றது, வெள்ளைக்கும் நடுச்சாம்பலுக்கும் இடைப்பட்ட, பல நிற மணிகள் கலந்த கிரானைட்டே. அதன் கலவையில் சிறு கறைகள் தனித்துத் தெரியா. செம்மை கலந்த வால்நட்டுக்கு இளமஞ்சள் சாயலுள்ள சந்தன நிறமும், நீலம் ஓடும் கரிச்சாம்பலுக்குக் குளிர்ந்த சாம்பலும் இசையும். மாற்றி வைத்தால் இரண்டுமே அழுக்கேறியவை போலத் தோன்றும்.

கல் வாங்கச் செல்வோர் லேமினேட் துண்டைக் கையோடு கொண்டுபோய், கையளவு மாதிரியை நம்பாமல் முழுப் பலகையின்மீதே வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதே கல்லின் வெட்டுத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, எண்ணெயில் குழைத்த மஞ்சளை ஓர் இரவு அதில் தடவி வைத்து, மறுநாள் கழுவிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது.