பதினோராம் ஜின்பிங்!
நேரலையில் நாக்கு பிறழ்ந்தால் நாடே சிரிக்கிறது. ஆனால் தண்டம் கட்டுவது யார்?

2014 செப்டம்பர் 17. சபர்மதிக் கரையில் பிரதமர் நரேந்திர மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் ஊஞ்சலில் அமர்ந்திருந்த காட்சியை நாடே பார்த்தது. அதே வருகையைப் பற்றிய தூர்தர்ஷனின் இரவு நேர ஆங்கிலச் செய்தியில் அதிபருக்குப் புதுப் பெயர் கிடைத்தது: ‘இலெவன் ஜின்பிங்’.

காரணம் எளிது. ‘ஷி’ என்பதற்கு ஆங்கிலத்தில் எக்ஸ், ஐ என்று இரண்டே எழுத்துகள். ரோமானிய எண்களில் அதுவே பதினொன்று. பதினான்காம் லூயி, எட்டாம் ஹென்றி என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, பதினோராம் ஜின்பிங் அப்படியொன்றும் விநோதமில்லை!

நாடு சிரித்தது. வாசித்த பெண்ணால் சிரிக்க முடியவில்லை. நிரந்தர ஊழியரல்லாத, தற்காலிக வாசிப்பாளரான அவர் உடனே செய்தி வாசிப்பிலிருந்து விலக்கப்பட்டார்.

செய்தி வாசிப்பாளர்கள் மனப்பாடமாகப் பேசுவதில்லை. கேமராவுக்கு முன்னால் சாய்வாக நிற்கும் கண்ணாடியில் எழுத்துகள் மேல்நோக்கி நகர்கின்றன. டெலிபிராம்ப்டர் என்ற இந்தச் சாதனம் பார்வையாளருக்குத் தெரியாது. கண் படிக்கும்போதே வாய் சொல்லியாக வேண்டும். காதுக்குள் தயாரிப்பாளரின் உத்தரவு வேறு. யோசிக்க அவகாசமில்லை.

அதே ஆண்டு நவம்பரில் கோவா சர்வதேசத் திரைப்பட விழா நேரலையில் மாநில ஆளுநரை ‘இந்தியாவின் ஆளுநர்’ என்றார் ஒரு நிருபர். வீடியோ இணையத்தில் பரவ, கேலி பல நாள் ஓயவில்லை. பழைய தூர்தர்ஷன் நாட்களில் உளறல் அன்றிரவோடு காற்றில் கரைந்துவிடும். இன்று அது ஆயுள் தண்டனை.

தவறுவது தூர்தர்ஷன் மட்டுமல்ல. 2006 மே 8 அன்று, பிபிசியில் கணினிப் பிரிவு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்தார் காங்கோ நாட்டில் பிறந்த கை கோமா. அழைக்க வந்தவர் தேடியதோ கை கெவ்னி என்ற தொழில்நுட்பப் பத்திரிகையாளரை. ‘கை’ என்ற பெயர் காதில் விழுந்ததும் கோமா எழுந்து சென்றார். சில நிமிடங்களில் அவர் நேரலையில்! ஆப்பிள் கணினி நிறுவனத்தின் வழக்கு பற்றிக் கேள்விகள் பாய, முகத்தில் திகைப்பு படர்ந்தாலும் சமாளித்துப் பதில் சொன்னார். நிஜமான கெவ்னி வரவேற்பறையில் உட்கார்ந்து அதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். கோமா உலகப் புகழ் பெற்றார். வந்த வேலைதான் கிடைக்கவில்லை.

ஒரு செய்தி திரைக்கு வருமுன் எழுதுபவர், திருத்துபவர், தயாரிப்பாளர் என்று பல கை மாறுகிறது. பார்வையாளருக்குத் தெரிவது மட்டும் ஒரே முகம். தவறு நேர்ந்தால் அந்த முகத்தை மாற்றிவிடுவது சுலபம், அதுவும் தற்காலிக ஊழியர் என்றால். அயல்நாட்டுப் பெயரை உச்சரிக்கிறபடியே எழுதிக் கொடுப்பது அதைவிடச் சுலபம். ‘ஷி’ என்று யாராவது அன்று எழுதிக் கொடுத்திருந்தால், ஒரு வேலை தப்பியிருக்கும்.